ஊரில் பட்டினி இல்லை, ஆளும் இல்லை. இதற்குப் பெயர் வளர்ச்சியா?

கமுதிப்பக்கம்:

வணக்கம். நான் கமுதி வட்டாரத்துக்காரன், பதினோரு வருடமாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். போன வாரம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது முதலாளி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: "உங்க ராமநாதபுரத்து ஆளுங்களுக்கு உழைப்பு இருக்குதுங்க, தொழில் புத்திதான் இல்லை." கோபம் வந்தது, ஆனால் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஊர் நிலவரம் இதுதான். என் சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு வேளைக் கஞ்சியோடு படுத்த வீடுகள் உண்டு, இன்று அப்படி ஒரு வீடும் இல்லை. ரேஷன் அரிசி வருகிறது, தார் ரோடு இருக்கிறது, வாசலுக்கு வாசல் பைக் நிற்கிறது. ஆனால் பொங்கலுக்குப் போனபோது எண்ணிப் பார்த்தேன், எங்கள் தெருவில் மட்டும் பதினேழு வீடு பூட்டிக் கிடக்கிறது. முப்பது வயதுக்குள் ஆண்பிள்ளை யார் என்று பார்த்தால் ஆடு வைத்திருக்கிற ஒருவன், போலீஸ் தேர்வுக்குப் படிக்கிற இரண்டு பேர், அவ்வளவுதான். அப்பாவுக்கு நான்கு ஏக்கர், எல்லாம் மானாவாரி, புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். 2016ல் வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்க 62 சதவீதம் குறைந்தது இல்லையா, அந்த வருடம் எங்கள் வயலில் வைக்கோல்கூடத் தேறவில்லை.

அதே 2016ல்தான் எங்கள் பக்கம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. சுமார் 2,500 ஏக்கர். ஊரே வேலை கிடைக்கும் என்று காத்திருந்தது. கட்டும்போது கிடைத்தது, உண்மைதான். கட்டி முடித்தபின் பார்த்தால் பலகை துடைப்பதற்குக்கூட இயந்திரம் வைத்திருக்கிறார்கள். வெயில் எங்களுடையது, கரண்ட் எங்கேயோ போகிறது.

தமிழ்நாட்டில் வறுமை 2.2 சதவீதம்தான் என்கிறார்கள், 2024-25ல் மாநிலப் பொருளாதாரம் 11 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது என்கிறார்கள். 2018ல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒரு பட்டியல் போட்டபோது அதில் எங்கள் ராமநாதபுரமும் இருந்தது. இதில் எது உண்மை? மழை இல்லாததுதான் காரணமா, அரசாங்கமா, இல்லை முதலாளி சொன்னதுபோல நாங்களேதானா?

எண்கணக்கு:

இரண்டுமே உண்மை. இரண்டும் அளப்பது வேறு வேறு சங்கதி, குழப்பமே அங்கேதான்.

அந்த 2.2 சதவீதம் நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீடு, 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பை வைத்துப் போட்டது. அதில் உங்கள் வருமானம் என்ன என்ற கேள்வியே கிடையாது. சத்தான சாப்பாடு, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, கழிப்பறை, கேஸ் அடுப்பு, கரண்ட், வங்கிக் கணக்கு என்று 12 விஷயங்களைப் பார்க்கிறார்கள். உங்கள் தெருவில் இதெல்லாம் வந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆக அந்தக் குறியீட்டின்படி உங்கள் தெரு ஏழைத் தெரு அல்ல. சும்மா வந்ததும் இல்லை அது. ரேஷன், சத்துணவு, ஆரம்ப சுகாதார நிலையம் என்று ஐம்பது அறுபது வருடம் போட்ட பணம். இதே கணக்கில் இந்தியாவின் கிராமப்புறம் 19 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது.

ஆனால் ஊருக்குள் சம்பாதிக்க வழி இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதற்கு அந்தக் குறியீட்டில் பதில் தேடக் கூடாது.

ஏற்றத்தாழ்வுக்கு வருவோம். 2023-24 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிராமத்தில் தலைக்கு மாதம் 5,701 ரூபாய் செலவாகிறது, நகரத்தில் 8,165. அகில இந்தியக் கிராமச் சராசரி 4,122. நாட்டின் கிராமங்களுக்குள் உள்ள ஏற்றத்தாழ்வைக் காட்டும் கினி எண் (பூஜ்யம் என்றால் எல்லாரும் சமம்) 0.237க்கு இறங்கிவிட்டது என்று கொண்டாடினார்கள். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது செலவின் கினி. ஒருவர் வீட்டில் எவ்வளவு அரிசியும் பருப்பும் ஆகிறது என்பதில் பெரிய வித்தியாசம் இருக்காது, வித்தியாசமெல்லாம் நிலத்திலும் நகையிலும் வட்டிக்கு விட்ட பணத்திலும்தான். போதாததற்குப் பணக்காரர் வீட்டுக் கதவு கணக்கெடுக்கப் போகிறவருக்கு அவ்வளவு சுலபமாகத் திறக்காது.

இன்னொன்று. உங்கள் அப்பாவின் நான்கு ஏக்கர் சின்ன நிலம் என்று நினைக்காதீர்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. 2023-24ல் நாடு முழுக்க வேலை செய்கிறவர்களில் 46 சதவீதம் பேர் விவசாயத்தில் இருந்தார்கள், அவர்கள் கைக்கு வந்தது நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கிராமம் ஏன் ஏழையாக இருக்கிறது என்பதில் பாதிக் கதை இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும்.

வளர்ச்சியின் ஆரம்பத்தில் ஏற்றத்தாழ்வு கூடும், பிறகு தானே குறையும், பொறுங்கள் என்று சொல்ல யாராவது வந்தால், அந்தக் கருத்தை 1955ல் சொன்ன சைமன் குஸ்நெட்ஸ் தன் கட்டுரையிலேயே இதில் 5 சதவீதம்தான் தரவு, மீதி 95 சதவீதம் ஊகம் என்று ஒப்புக்கொண்டதை ஞாபகப்படுத்துங்கள்.

காவிரிக்கரை:

மழைதான் காரணமா என்று கேட்டீர்கள், அதற்கு மட்டும் நான் சொல்கிறேன். நான் திருவாரூர்ப் பக்கம். மேட்டூர் அணை 1934ல் வந்தது, அதற்கு ஆயிரம் வருடம் முன்பிருந்தே எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அப்படியென்றால் நாங்கள்தானே மாநிலத்திலேயே பணக்காரர்களாக இருக்க வேண்டும்?

தண்ணீர் இருந்தது, நிலம் யாரிடம் இருந்தது? மிராசுதாரிடமும் கோயிலிடமும் மடத்திடமும். சேற்றில் இறங்கியவர்களுக்கு, பெரும்பாலும் தலித் மக்கள், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை. 1916ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களை அனுப்பிச் சில கிராமங்களை ஆராயச் சொன்னார். அதில் தஞ்சைக்குப் பாலக்குறிச்சி, உங்கள் பழைய ராமநாதபுரத்துக்கு வடமலைபுரம். வளமான பூமியிலும் வறண்ட பூமியிலும் ஏழை இருந்தான், என்ன, எங்கள் ஏழைக்குச் சுற்றிலும் நெல் விளைந்தது. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்குத்தான் 1968 டிசம்பர் 25ல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். தானாக வளர்ந்து கூலி ஏறியது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

அப்புறம் எப்படிக் கூலி ஏறியது? சங்கம் ஒரு காரணம், ரேஷன் அரிசி ஒரு காரணம், நூறு நாள் வேலை ஒரு காரணம், பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனது பெரிய காரணம். அரிசி வீட்டில் இருக்கிறவன் அவசரத்துக்குக் குறைந்த கூலிக்குப் போக மாட்டான். ஆள் கிடைக்கவில்லை என்று நிலக்காரர்கள் புலம்பும்போதெல்லாம் எங்கள் தெரு ஆட்களுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான், அதை வெளியே சொல்ல மாட்டார்கள்.

இப்போது அறுப்புக்கு மிஷின் வந்துவிட்டது, நடவுக்கும் வருகிறது. 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிச் சட்டம் போட்டார்கள், ஹைட்ரோகார்பன் வராது, நல்லது, நானும் அதற்காக ஊர்வலம் போனவன். ஆனால் நிலம் இல்லாதவனுக்கு இந்த மண்டலத்துக்குள் என்ன வேலை என்று கேட்டால் ஊர்வலத்தில் முன்னால் நடந்த யாரிடமும் பதில் இல்லை.

வறட்டூரான்:

ஒரு சின்னக் குறுக்கீடு. விருதுநகர் எங்கள் ஊர். வானம் பார்த்த கரிசல் காடு. 1920களில் சிவகாசியிலிருந்து இரண்டு பேர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள், பிறகு பட்டாசு, அச்சகம் எல்லாம் வந்தது, மழை பெய்யாததே பட்டாசு காய வைக்க வசதியாகப் போனது. தொழில் புத்தி எங்களுக்கு வேண்டிய அளவு இருக்கிறது. இருந்தும் 2018 பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து போன இரண்டு மாவட்டத்தில் உங்களுடையது ஒன்று, இன்னொன்று எங்களுடையது. ஆலை இருக்கிறது, ஆலையில் வேலை செய்கிற குடும்பத்துக்கு வெடி விபத்து நடந்தால் மட்டும்தான் பெயர் வெளியே வரும். முதலாளியிடம் இதையும் சொல்லுங்கள்.

பனியனூர்:

அந்த முதலாளி நான் இல்லைங்க, ஆனால் நானும் திருப்பூர்தான், பன்னிரண்டு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறேன். எங்கள் ஆட்கள் தொழில் புத்தி பற்றிப் பேசும்போது சிலதை வசதியாக மறந்துவிடுவார்கள், அதை நானே சொல்லிவிடுகிறேன்.

கொங்கும் வறண்ட பூமிதான். வித்தியாசம் கிணறு. 1930களில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது, மாடு கட்டிக் கமலை போட்டு இறைத்த கிணற்றில் மோட்டார் வந்தது, அந்த மோட்டாரையும் பம்பையும் கோயம்புத்தூர் ஃபவுண்டரியிலேயே செய்தார்கள். தோட்டத்தில் பருத்தி, பக்கத்திலேயே ஜின்னிங், அடுத்த ஊரில் மில். அதாவது விளைந்ததற்கு வாங்குகிற ஆளும், வந்த பணத்தைப் போட இடமும் நாற்பது மைலுக்குள் இருந்தது. உங்கள் பக்கம் விளைகிற மிளகாய்க்கும், அங்கே போடுகிற மரக்கரிக்கும் அப்படி ஒன்று அமையவில்லை, இதில் புத்தி எங்கே வந்தது?

இரண்டாவது, பனியன் தொழிலைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்யலாம். நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், கட்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங் என்று ஒவ்வொன்றும் தனி ஆள். நான்கு மிஷின் இருந்தால் நீங்களும் ஓனர். எங்கள் அப்பா டெய்லராகச் சேர்ந்து, சித்தப்பா இரண்டு ஏக்கர் விற்ற பணத்தைப் போட்டு, மாமன் வங்கிக்குக் கையெழுத்துப் போட்டு ஆரம்பித்தார். அந்தச் சித்தப்பாவும் மாமனும் ஒரே சாதி, ஒரே ஊர். எங்கள் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த அருந்ததியர் குடும்பங்களும் திருப்பூருக்குத்தான் வந்தார்கள், அதே கம்பெனிதான், அதே உழைப்புதான். அவர்களில் ஓனர் ஆனவர்களை விரல் விட்டு எண்ணலாம். விற்க இரண்டு ஏக்கரும் கையெழுத்துப் போட மாமனும் அவர்களுக்கு இல்லை.

மூன்றாவது சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாயத்தண்ணீர் முழுக்க நொய்யல் ஆற்றில் விட்டோம். 1992ல் பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டி ஆனது, கீழே இருந்த விவசாயிகளின் கிணறும் தென்னையும் போயின. 2011ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவே வெளியேறாத சுத்திகரிப்பு பரவியது. டாலர் எங்களுக்கு வந்தது, உப்புத்தண்ணீர் அவர்களுக்குப் போனது. எந்த வளர்ச்சிக் கணக்கிலும் அந்தக் கிணறுகளைக் கழித்துப் போட்டதாக நான் பார்த்ததில்லை.

வேம்பு:

தம்பி, நான் முதுகுளத்தூர்ப் பக்கம். இங்கே எழுதுகிற எல்லாரும் ஊரை விட்டுப் போனவர்கள். நான் போகாதவள், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

எங்கள் வீட்டில் கரிமூட்டம் போடுகிறோம். சீமைக் கருவேலத்தை வெட்டி, துண்டு போட்டு, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, தீ வைத்துவிட்டு நாள் கணக்கில் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். எங்காவது மண் சரிந்து காற்றுப் புகுந்தால் மொத்தமும் சாம்பல். நிலம் வெளியூரில் இருக்கிற ஒருவருடையது, மரத்துக்கு அவருக்குக் காசு. வியாபாரி முன்பணம் தருகிறார், அதனால் அவர் சொன்னதுதான் விலை, எடையும் அவருடைய தராசில்தான். 2017ல் சீமைக் கருவேலத்தை அழிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டது, ஊர் ஊராக ஜேசிபி வந்தது, பள்ளிப் பிள்ளைகள்கூடக் கத்தியைத் தூக்கினார்கள். அந்த மரம் நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சுகிறது என்பார்கள், இருக்கட்டும், கண்மாயை அது அடைத்துக் கிடப்பதை நானும் பார்க்கிறேன். ஆனால் மழை பொய்த்த வருடம் எங்கள் வீட்டில் உலை வைத்தது அந்த மரம்தான். அதை வெட்டச் சொன்னவர்கள் அதற்குப் பதில் என்ன கூலி என்று சொல்லவில்லை.

நூறு நாள் வேலைக்கு 2025ல் 336 ரூபாய் என்று அறிவித்தார்கள். வெட்டிய மண்ணை அளந்துதான் கொடுப்பார்கள், முழுக்கூலி எல்லா வாரமும் வராது. இருந்தாலும் அது வந்த பிறகுதான் பெண்ணாளுக்கு அரைக்கூலி என்ற பேச்சு ஊரில் அடங்கியது. 2023 செப்டம்பரில் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது வந்த அன்றே குழுத் தவணைக்குப் போய்விடும். மகளிர் குழு வேறு, நான் சொல்வது கடன் கொடுத்துவிட்டுத் தவணைக்கு வீட்டு வாசலில் வந்து உட்கார்கிற கம்பெனிக் குழு. எங்கள் தெருவில் நான்கு கம்பெனிக்குத் தவணை கட்டாத வீடு குறைவு. ஒன்றில் வாங்கி ஒன்றில் கட்டுகிறோம். எண்கணக்கு ஐயா, செலவைக் கணக்கெடுத்தவர்கள் அந்தச் செலவு கடன் வாங்கிச் செய்ததா, சம்பாதித்துச் செய்ததா என்று கேட்டார்களா?

முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பேப்பரில் படம் எல்லாம் போட்டார்கள். பெயர் எங்களுக்கு வந்தது. விலை, விதைக்கும் உரத்துக்கும் யாரிடம் கடன் வாங்கினோமோ அவர் சொல்கிற விலைதான், வற்றலைக் காயப் போட்டு இரண்டு மாதம் வைத்திருந்து விற்க எங்களுக்கு இடமும் கிடையாது, பொறுமைக்குப் பணமும் கிடையாது.

அப்புறம் ஒன்று. ஊரில் ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நாங்கள் இருக்கிறோமே. முப்பது வயதுக்குள் பொம்பளைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணினாயா?

கமுதிப்பக்கம்:

அக்கா, எண்ணவில்லை. தப்புதான்.

நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். பதினோரு வருடத்தில் வீட்டுக்கு அனுப்பியது தோராயமாகப் பன்னிரண்டு லட்சம். வீட்டுக்குக் கான்கிரீட் போட்டதில் சிமெண்ட், கம்பி, டைல்ஸ் எல்லாம் வெளியூர், கொத்தனார்கூட வெளியூர். தங்கச்சி கல்யாணத்துக்கு நகை மதுரையில். மீதியில் பரமக்குடிக்கு வெளியே ஒரு பிளாட். பம்பு செட்டுக்கோ ஆட்டுக்கோ களத்துக்கோ ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. பஸ் மாறுகிற ஸ்டாண்ட் மாதிரி பணம் எங்கள் ஊரில் இறங்கி அடுத்த வண்டி ஏறிவிட்டது. முதலாளியின் அப்பா காலத்தில் அந்தப் பணம் நாற்பது மைலுக்குள்ளேயே சுற்றியிருக்கிறது, பனியனூர் சொல்வதிலிருந்து எனக்குப் புரிவது இதுதான். சரியா?

அந்த பிளாட்டை விற்றுவிட்டு ஊரில் மிளகாய்த்தூள் அரைக்கிற மாதிரி ஏதாவது போட்டால் நிற்குமா? விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

பனியனூர்:

சரிதான். ஆனால் பிளாட்டை இப்போதே விற்காதீங்க, ஆர்வத்தில் மிஷின் வாங்கி மூலையில் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாவரைக்கிற மாதிரி இல்லை இது. ஈரம் சரியாகக் காயாத வற்றல் ஒரு மூட்டை இருந்தாலும் மொத்தமும் பூஞ்சை பிடிக்கும். முதலில் வாங்குகிற ஆளைப் பாருங்கள். திருப்பூரில் மெஸ்களே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, உங்கள் ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற மெஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு பருவத்துக்கு வற்றலாகவே வாங்கி விற்றுப் பாருங்கள், அரைப்பது அப்புறம். ஐம்பது கிலோ நானே எடுத்துக்கொள்கிறேன், கேன்டீனுக்கு வேண்டும்.

காவிரிக்கரை:

ஒரு சந்தேகம், தப்பாக எடுக்க வேண்டாம். நீங்களும் முன்பணம் கொடுத்துத்தான் வற்றல் எடுப்பீர்கள். அப்போது அந்த அக்காவுக்கு நீங்களும் இன்னொரு வியாபாரிதானே?

வேம்பு:

அதை நான் கேட்கலாம் என்று இருந்தேன், அவர் கேட்டுவிட்டார். முன்பணம் வேண்டாம் தம்பி. களத்தில் எடை போட்ட அன்றைக்கே காசு கொடுத்தால் போதும், ஊரில் யாரும் இதுவரை அப்படிக் கொடுத்ததில்லை. தராசு நீ கொண்டுவராதே, குழுவில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம், பால் சொசைட்டிக்கென்று வாங்கினது, சும்மாதான் கிடக்கிறது. மாசி கடைசியில் வா, அப்போதுதான் களத்தில் பழம் கிடக்கும். பங்குனிக்கு மேல் வந்தால் வியாபாரி அள்ளிக்கொண்டு போயிருப்பார்.